மண்ணெண்ணெயில் அழிந்த கீ

எங்கள் தோட்டத்துக்கு வந்த முதல் கம்ப்யூட்டரை அப்பா மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் அவர் எஞ்சின் ரூம் வேலைக்காரர். தேயிலைப் பக்கம் மண்ணெண்ணெய் வாடையே போகக் கூடாது, ஆனால் எஞ்சினை ஆயுத பூசைக்கு முதல் நாள் மண்ணெண்ணெயில்தான் குளிப்பாட்டுவார்கள். துடைத்து முடித்ததும் சந்தனம், குங்குமம். கம்ப்யூட்டரும் மின்சாரத்தில் ஓடுகிற ஒன்றுதானே என்று அதே துணியோடு வந்துவிட்டார். பெட்டியின் பக்கவாட்டில் மினுமினுவென்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதையே நெற்றியென்று எடுத்துக்கொண்டு, அங்கே மட்டும் அழுத்தித் தேய்த்துப் பொட்டு வைத்தார். பக்கத்தில் நின்று கற்பூரம் காட்டியது நான்தான்.

இது இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்களில் நடந்தது. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே, திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் கம்ப்யூட்டர் டீச்சர். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவம் வேறு கட்டடத்துக்கு மாறியிருந்ததால், பழைய மடுவத்தை வகுப்புக்குக் கொடுத்தார்கள். நுவரெலியாவில் இருந்த ஒரு உதவித் திட்டக்காரர்கள் கம்ப்யூட்டரும் தந்து எனக்குச் சின்னச் சம்பளமும் தந்தார்கள். அந்த வகுப்பு இல்லையென்றால் நான் கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போக வேண்டும். சித்தி அங்கே ஒரு வீட்டில் சொல்லியே வைத்திருந்தாள். எனக்கு அந்த வீட்டையும் பிடிக்காது, அதைப் பற்றிச் சித்தி பேசுகிற பவ்வியத்தையும் பிடிக்காது.

சித்திரை மாத இடிமழையில் ஒரு மின்னல் கம்ப்யூட்டரைக் கொன்றது. திட்டத்து அதிகாரி வேறொரு பழைய பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் சட்டம் என்றால் சட்டம். புதிதாக வந்த அந்தப் பெட்டிக்குள் விண்டோஸ் இல்லை.

"பழசில இருந்த கீயை இதுக்கு மாத்திப் போடுங்கோ பிள்ளை. ஸ்டிக்கரில இருக்கும். லைசென்ஸ் இல்லாத மெஷின் எங்கட திட்டத்தில இருக்கேலாது. மாத முடிவில வந்து பாப்பன். சரிவராட்டி இதை வேற தோட்டத்துக்குத்தான் குடுக்கவேணும்."

அவர் போன பிறகு பழைய பெட்டியின் ஸ்டிக்கரைப் பார்த்தேன். கீ என்பது இருபத்தைந்து எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு வரிசை. அதைத் தட்டினால்தான் விண்டோஸ் நம்மை மனிதராக மதிக்கும். ஸ்டிக்கரில் மங்கிய பச்சை நிறமும், ஓரத்தில் காய்ந்த சந்தனமும்தான் இருந்தன. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், பென்சிலால் உரசிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

வேலை முடிந்து வந்த அப்பாவிடம் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் என் மேலேயே எரிச்சல் வந்தது.

"ஹட்டன்ல ரிப்பேர் பண்றவங்க இருக்காங்கல்ல. ரெண்டு பொட்டியயும் தூக்கிக்கிட்டுப் போவோம்," என்றார் கடைசியில்.

பஸ்ஸில் பழைய பெட்டி அவர் மடியிலும் புதுப் பெட்டி என் மடியிலும் இருந்தன. தூங்கும் பிள்ளையைப் பிடிப்பது போல அதைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வளைவிலும் பெட்டி ஆடாமல் தான் ஆடினார்.

ஹட்டனில் ரிப்பேர் கடைக்காரர் சிங்களவர். அவருடைய தமிழும் என்னுடைய சிங்களமும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டன. கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, மேசையிலிருந்த ஒரு சிடியைத் தட்டிக் காட்டினார். என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிட்டார்.

"எதுக்கு நங்கி இந்தக் கரைச்சல்? இதைப் போட்டா கீ கேக்காது. எல்லாரும் இதுதான்."

எனக்கு நேர்மை மேல் அப்படியொரு காதல் ஒன்றும் கிடையாது. அதிகாரி கண்டுபிடித்துவிடுவார் என்ற பயம்தான். வேண்டாமென்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, செத்த கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். மின்னல் அதைத் தொடவில்லை. ஒரு சின்ன புரோகிராமை ஓட்டினார். அழிந்துபோனதாக நான் கத்திய கீ, முழுசாகத் திரையில் வந்து நின்றது. பூசையில் தேய்ந்தது வெறும் தோல்தான்.

ஆனால் சிக்கல் தீரவில்லை. "இந்தக் கீ இந்தப் பெட்டிக்கு மட்டும்தான். கடையில வாங்கின கீ வேற, பெட்டியோட வந்த கீ வேற. இது வேற பெட்டிக்குப் போகாது," என்றார் அவர்.

எனக்கு அது உடனே புரிந்தது. வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்குக் கொடுத்த ஒற்றை அறை, காம்பராவும் அப்படித்தான். தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரின் பெயர் பதிவில் இருக்கும்வரைதான் காம்பரா. தாத்தா பெயர் போய் அப்பா பெயர் வந்தது. கதவிலக்கம் அதேதான், உள்ளே இருப்பவர்கள் மட்டும் மாறினோம். அதை யோசித்துக்கொண்டே, "அப்போ உள்ளே இருக்கிறதை மாத்தலாமா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "போர்டு எரிஞ்சா மாத்தலாம். அது பழுதுபாக்கிறது."

புதுப் பெட்டியின் உள்ளுறுப்புகளை எடுத்துப் பழைய பெட்டிக்குள் பொருத்தினார். விண்டோஸை முதலிலிருந்து ஏற்றினார். நடுவில் அது சொந்தக்காரர் பெயர் கேட்டது. அவர் வேறொரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே, "பேரு போடுங்க நங்கி," என்றார். நான் என் பெயரைத் தட்டினேன். வேறு யார் பெயரும் அப்போது நினைவுக்கு வரவில்லை என்பதுதான் உண்மை.

கீயை ஏற்றுக்கொண்டது. ஆனால் போனில் பேசி உறுதிப்படுத்தச் சொன்னது. கடைப் போனில் ஓர் இங்கிலீஷ் குரல், இது அதே கம்ப்யூட்டர்தானா என்று கேட்டது. அதே கம்ப்யூட்டர், போர்டு எரிந்துவிட்டது, அதை மாற்றினோம் என்று என் பள்ளிக்கூட இங்கிலீஷில் சொன்னேன். அப்பா ஒரு வார்த்தை புரியாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். குரல் எண்களைச் சொல்லத் தொடங்கியது. ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன்.

மாத முடிவில் அதிகாரி மடுவத்துக்கு வந்தார். அப்பா வேலைக்குப் போகாமல் வாசலிலேயே நின்றார். வெறுமையான ஸ்டிக்கரைக் கண்டதும் அதிகாரி புருவத்தைச் சுருக்கினார். நான் திரையில் விவரங்களைத் திறந்து காட்டினேன். குனிந்து படித்தவர் ஓர் இடத்தில் நின்றார்.

"இதில ஆற்ற பேர் கிடக்கு?"

"என்னோடது சார். பேரு கேட்டுச்சு, போட்டேன்."

"மெஷின் எங்கட ஒஃபிஸ் மெஷின் எல்லோ?"

வீட்டுவேலைக்கு என்னை ஏற்றிப்போகும் கொழும்பு பஸ் கண்முன்னே வந்து நின்றது. எல்லாம் சரியாக வந்து, ஒரு பெயரில் கவிழ்த்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"கீயை ஆர் எடுத்தது, ஆர் போன் பண்ணினது?"

"நாங்கதான் சார். அப்பாவும் நானும்."

வாசலைத் திரும்பிப் பார்த்தார். அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "சரி, கிடக்கட்டும் பிள்ளை. வகுப்பை நடத்துங்கோ," என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

சத்தம் தேய்ந்த பிறகுதான் அப்பா உள்ளே வந்தார்.

"என்னம்மா கேட்டாரு, அவ்வளவு நேரமா?"

"மெஷின் யாரு பேர்ல இருக்குன்னு கேட்டாரு."

"யாரு பேர்ல இருக்கு?"

"எம் பேர்லப்பா."

காம்பராவில் அப்பா பெயர் வேலை இருக்கும்வரைதான். அதைச் சுற்றிய மண்ணும், அப்பா ஆயுள் முழுக்கத் துடைத்த எஞ்சினும் யார் யாருடைய பெயரிலோ இருந்தன. அவர் திரையை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அதுக்கு அவரு ஒத்துக்கிட்டாரா?"

ஒத்துக்கிட்டாரு என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. மறுபடியும் கேட்டார்.