ஆகாதென்று சொன்ன ராமாயி

பொதுமக்களுக்கு மிகுந்த பொறுப்புடன் அறிவிப்பது: எங்கள் வெள்ளாடு நேற்று மாலை பெரியப்பாவின் சலவை வேட்டியில் பாதியைத் தின்று முடித்தது. மீதி வேட்டி நலம்.

பள்ளி வாசலில் கைகளைக் குழாயாக்கி இதை முழங்கிக்கொண்டிருந்தபோது, பெரியப்பாவே சைக்கிளில் வந்துவிட்டார். ஓடத் தயாரானேன். அவர் அடிக்கவில்லை. "ராமாயி போயிட்டாடா" என்றார்.

நம் ஊரில் பிறந்த யாரும் அந்த மருத்துவச்சியின் முன்னால் மிடுக்காக நடக்க முடியாது. யார் எப்படி வந்து பிறந்தோம் என்று தெருவில் நிறுத்திச் சொல்லிவிடுவார். "இந்தச் சாமி காலை நீட்டிக்கிட்டுத்தான் வந்துச்சு. அப்பவே ஒதைக்கப் பழகீருச்சு" என்பது எனக்குக் கிடைத்த பட்டம்.

ஆஸ்பத்திரி வந்தபின் அவரை அழைப்பது குறைந்தது. பிறகு சுகாதார நிலையத்தில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சோப்பும் பிளேடும் நூலும் வைத்த பெட்டியோடு திரும்பினார். அடுத்த முறை, நூல் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த மருமகள் செல்வியையும் பக்கத்து ஊர்ப் பெண்களையும் இழுத்துக்கொண்டு போனார். மறுபடியும் வீட்டுக்கு வீடு அழைப்பு.

அந்தப் புகழ் ஏறிய நேரத்தில்தான் என் அக்காவுக்கு முதல் வலி. ராமாயி வயிற்றைத் தடவிப் பார்த்துக் கையை எடுத்துவிட்டார்.

"புள்ளை குறுக்க கெடக்குதுங்க. இது எனக்கு ஆகாது. நாமக்கல்லுக்குத் தூக்குங்க."

பெரியப்பாவுக்கு ஆத்திரம். "பொறவு எதுக்கு அந்தப் பொட்டி? சோப்புப் போட்டுக் குளிக்கவா?"

"எப்ப ஆகாதுன்னு சொல்லோணும்னுந்தானுங்க சாமி சொல்லிக் குடுத்தாங்க. என் பேரு கெட்டாக் கெட்டுட்டுப் போகுது. பேசறதை வண்டியில பேசலாம், வாங்க."

சாலை நடுவில் கையை விரித்து நின்று, திருச்செங்கோட்டுப் போர்வெல் லாரியை மறித்த வீரன் நானே. இதை என் வாயால் கேட்காதவர் பள்ளியில் கிடையாது. அக்காவை மடியில் சாய்த்தபடி ராமாயியும் வந்தார். வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்கள். இரண்டு உயிரும் பிழைத்தன. ஊரோ, "ராமாயிக்குக் கை விட்டுப்போச்சு" என்றது. சில வீடுகள் அழைப்பதையே நிறுத்தின.

"பேசிட்டுப் போகட்டும் சாமி. புள்ளை அழுகற சத்தம் கேக்குதில்ல, அது போதும்" என்றார் ராமாயி.

இப்போது அக்கா மறுபடி மாசமாக இருக்கிறாள். ராமாயி இல்லை. காரியம் முடிந்து செல்வி பெட்டியோடு வந்த அன்று, எங்கள் வீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. நான் வாசலுக்கும் கிணற்றுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

"உன்னால ஆகுமா அம்மிணி?" என்றார் பெரியப்பா.

"ஆகாதுங்க. மொதல்ல கீறுன வயிறு, இதுக்கும் ஆஸ்பத்திரிதானுங்க. நானும் கூட வாரேன்."

பெரியப்பா சைக்கிளை எடுத்தார். வண்டிக்குச் சொல்லிவைக்கக் கிளம்பினார்.

ராமாயியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான். 'ஆகாது' என்று சொல்லிப் பழகுகிறேன். பயமாக இருக்கிறது என்று அக்காவிடம் சொன்னேன். "அப்பாடா, நீயாவது சொன்னியே" என்றாள்.

உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று லாரியை மறிக்க என்னைத்தான் அனுப்பினார்கள். எனக்கு ஆகவில்லை. வேலியோரம் உட்கார்ந்துவிட்டேன். முந்தானையை வீசிக்கொண்டு சாலை நடுவில் போய் நின்றவர் ராமாயி.