தொப்பி போட்ட கூழைக்கடா

1. சேர்ந்த நாள்

படகேறினால் எனக்கு வாந்தி வரும். மீனவன் மகனுக்கு இதைவிடக் கேவலம் கிடையாது. கல்யாணமான பிறகும் நிற்கவில்லை. "ஏரியிலயே கக்குறான், இவன கடலுக்கு இட்னு போயி இன்னா பண்றது?" என்று நைனா என்னைப் பழவேற்காட்டுச் சாயப்பட்டறையில் சேர்த்துவிட்டார்.

ஒல்லாந்தருக்குத் துணியில் பூ எழுதும் பட்டறை அது. அவர்கள் ஊர்ப் பூவைக் காகிதத்தில் வரைந்து கொடுப்பார்கள். அந்தப் பூவை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. மேஸ்திரி எல்லப்பன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "அப்டியே பாத்து எழுது. சொந்த மூளைய வூட்லயே வெச்சிட்டு வா."

பல வருஷம் அப்படியே வைத்துவிட்டுத்தான் போனேன்.

2. கிழிசல் துணி

ஒருநாள் இழை அறுந்த துணி ஒன்று கைதுடைக்க ஒதுக்கப்பட்டிருந்தது. யாருக்கும் வேண்டாத துணி. அதில் எனக்குத் தோன்றியதை எழுதினேன். இரண்டு நண்டு சண்டை போட, நடுவில் அலகின் கீழ் பை தொங்கும் ஒரு கூழைக்கடா. எங்கள் துணியை வாங்கும் ஒல்லாந்தர் கிடங்கு துரைக்கும் கழுத்துக்குக் கீழே அதே மாதிரி பை தொங்கும். ஆகவே பறவைக்கு அவர் தொப்பியையும் மாட்டிவிட்டேன். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பக்கத்துப் பலகைக் கோவிந்தன் எட்டிப் பார்த்தான். "நண்டுக்குக் கால் ஒண்ணு ஜாஸ்தியாக்கீதே."

சோறு கொண்டுவந்த என் பெண்சாதி பொன்னி, "இதுக்குத்தான் காலைலேருந்து குனிஞ்சிக்கினு கீறியா?" என்றாள்.

மேஸ்திரிக்கு முகம் வெளுத்தது. "தொப்பிய அழிச்சிட்ரா. என் தலை போயிடும்."

சாயவேர்த் தண்ணீரில் கொதித்தெழுந்த சிவப்பு, கல்லில் அடித்தாலும் போகாது. போகும் என்றாலும் அழித்திருக்க மாட்டேன். ஏரிக்கரையில் காயப்போட்டேன். அங்கேதான் துரையின் பேச்சை எங்களுக்கு மொழிபெயர்க்கும் துபாஷியின் கண்ணில் பட்டது. துணியோடு என்னையும் துரை இருக்கும் கோட்டைக்கு இழுத்துப் போனார்.

3. கோட்டையில்

துரை துணியை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவருடைய கழுத்துப் பை குலுங்கியது. சிரிக்கிறார்!

"இதே மாதிரி நாப்பது வோணுமாம்," என்றார் துபாஷி.

பட்டறையில் எல்லாருக்கும் உடனே ரசனை வந்துவிட்டது. "நான் அப்பவே சொல்லல?" என்றார் மேஸ்திரி.

ஏழாவது கூழைக்கடாவில் என் கை செத்துப்போனது. தொப்பியைக் கொஞ்சம் சாய்த்தாலும், "துரைக்குப் புட்ச்சது நேரா இருந்துச்சே" என்பார்கள். எட்டாவதில் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பறவையைத் திருப்பி நிறுத்தினேன். பின்பக்கம்தான் தெரிந்தது.

"துரை கேட்டது இதுவாடா?" என்று துபாஷி கத்தினார்.

"துரைக்கு வோணும்னா துரையே எழுதிக்கட்டும்."

மிச்சத்தைக் கோவிந்தனிடம் கொடுத்தார்கள். அவன் ஒழுங்காக எழுதி முடித்தான், நண்டுக்குச் சரியான கால்களோடு. என்னை விளிம்புக் கோடு போட உட்கார்த்தினார்கள். ஓய்வெடுக்கும்வரை கோடுதான். வருத்தம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கிழிசல் துணி கிடைத்த நாளெல்லாம் எனக்குத் திருவிழா.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. திட்டுகிறவனை வாயை மூடச் சொல்லிவிடலாம். பாராட்டுகிறவனிடம்தான் ஜாக்கிரதை, சிரித்துக்கொண்டே உங்கள் கையைப் பிடித்து அவனுக்கு வேண்டியதை எழுதவைப்பான்.

இப்போது நான் எழுதுவதையெல்லாம் பொன்னி கருவாட்டுக் கூடைக்கு மூடியாகப் போடுகிறாள். காக்கைகள் வந்து உற்றுப் பார்க்கின்றன. எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதில்லை.