யார்க் ரயிலுக்குப் பரஸ்தானம்

திருவாரூருக்கு அந்தப் பக்கம் அம்மா தனியாகப் போனதே இல்லை. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் மூன்று முறை ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு, இறங்குமிடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள். அப்படிப்பட்டவள் லண்டனில் இறங்கி, தன்னந்தனியாக ரயில் பிடித்து, யார்க் என்ற ஊருக்குப் போக வேண்டும் என்று முடிவானது. அந்த ரயிலைத் தேடும் வேலை என்னிடம் வந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

யார்க்கில் அக்கா நர்ஸாக இருந்தாள். என்னைவிடப் பதினான்கு வயது பெரியவள். அத்தானுக்கும் அங்கேயே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வலங்கைமான் பக்கத்து மாப்பிள்ளை. அப்பாவே போய்ப் பார்த்து, பேசி முடித்தது. கடைத்தெருவில் யார் சிக்கினாலும் "நானே பாத்த மாப்பிள்ளை" என்று அப்பா ஆரம்பித்துவிடுவார். அக்காவுக்கு அப்போது நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைப்பிரசவத்துக்கு அவள் இங்கே வருவதுதான் முறை. லீவு இல்லை என்று சொல்லிவிட்டதால், தாய்வீடு அவளைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

"அவருக்கு அன்னைக்கு ஆபீஸுடி. என்னை டாக்டர் ரயில்ல அலையக் கூடாதுன்னுட்டாங்க. அம்மா லண்டன்லேர்ந்து ரயில் ஏறிட்டா, நான் ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்குறேன். கொஞ்சம் கம்மியா இருக்கிற டிக்கெட்டாப் பாத்துச் சொல்லு. எனக்கு உக்காந்து தேட முடியல" என்றாள் அக்கா போனில்.

வெளிநாட்டில் சம்பாதிக்கிறவள் கம்மி டிக்கெட் கேட்கிறாளே என்று எனக்கு உள்ளூரச் சிரிப்பு. கஞ்சத்தனம் வந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அக்கா பள்ளிக்கூடத்தில் வாங்கிய இலவச லேப்டாப் வீட்டில் இருந்தது. அதில் அப்பாவின் போனிலிருந்து நெட் எடுத்து, பள்ளி விட்டு வந்த சாயங்காலங்களில் தேடினேன். அந்த நாட்டு ரயில்களின் குணம் விநோதமானது. ஒரே ரயில், ஒரே சீட். பல வாரங்களுக்கு முன்பே வாங்கினால் ஒரு விலை, அன்றைக்குப் போய் நின்றால் பல மடங்கு. ஆனால் மலிவாக வாங்கிய டிக்கெட்டுக்கு அந்த ஒரு ரயில்தான். அதை விட்டால் வெறும் காகிதம்.

"நம்மூர் பஸ்ஸு மாதிரி அடுத்ததுல ஏறிக்க முடியாதா?" என்று அம்மா கேட்டாள்.

"முடியாதும்மா. அந்த ரயில்தான், அந்த நேரந்தான்."

அம்மாவின் முகம் சுருங்கியது. அதனால் விமானம் இறங்கியதிலிருந்து ஐந்து மணி நேரம் இடைவெளி விட்டு, மதியத்துக்குப் பிறகு கிளம்பும் ஒரு ரயிலைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு முந்தையதைவிட அது விலையும் குறைவு. அக்கா அங்கிருந்து பணம் கட்டி டிக்கெட்டை அனுப்பினாள். கீழ்வேளூரில் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தோம்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அம்மாவுக்கு வழி முழுவதையும் எழுதிக் கொடுத்தேன். எந்த போர்டைப் பார்க்க வேண்டும், யாரிடம் எந்தத் தாளைக் காட்ட வேண்டும், ஆங்கிலத்தில் என்ன கேட்க வேண்டும், எல்லாம் தமிழ் எழுத்தில். கடைசிப் பக்கங்களில் யார்க்கில் பார்க்க வேண்டிய இடங்கள். ஊரைச் சுற்றிப் பழைய கோட்டைச் சுவர். அதன் மேலேயே நடக்கலாம். பிரம்மாண்டமான மாதா கோயில் ஒன்று. அதற்குத் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைவிட வயது குறைவு என்று கண்டுபிடித்ததில் எனக்குப் பரம திருப்தி. ஒவ்வொன்றுக்கும் எதிரே, பார்த்ததும் டிக் போட ஒரு கட்டம் வரைந்திருந்தேன்.

"திரும்பி வர்ற டிக்கெட்டு?" என்றாள் அம்மா.

"அதை இப்பவே போட முடியாது. நாள் நெருங்குனாத்தான் திறப்பாங்க. நான் பாத்துப் போட்டுடுறேன்."

"ரெண்டு பேருக்குப் போடு. கைக்குழந்தைக்கு டிக்கெட் உண்டான்னும் பாத்து வை."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீ ஒருத்திதாம்மா போற. அப்ப ஒருத்திதான் திரும்பி வருவ." நோட்டில் 'திரும்ப: 1' என்று பென்சிலால் எழுதிக் காட்டினேன். அம்மா அதைப் பார்த்தாள். உலையில் அரிசி போடப் போய்விட்டாள்.

இவ்வளவு திட்டத்துக்கும் நடுவே பஞ்சாங்கத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. அதற்கென்று அப்பாவின் அக்கா, என் அத்தை, இரண்டு நாள் முன்னதாகவே வந்து இறங்கினார். திருச்சி விமான நிலையத்துக்கு வியாழக்கிழமை இரண்டு மணிக்கு டாக்ஸி கிளம்ப வேண்டும். வியாழன் ஒன்றரை முதல் மூன்று வரை ராகுகாலம். அதற்கு முன்னால் கிளம்பலாம் என்றால் டாக்ஸிக்காரருக்குக் காலையில் வேறு சவாரி.

"அப்பன்னா பரஸ்தானம் வச்சிடுவோம்" என்றார் அத்தை.

கிளம்பும் வேளை சரியில்லை என்றால், அதற்கு முன்பு வரும் ஒரு நல்ல வேளையில் பயணச் சாமான் ஒன்றை இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அந்த நிமிஷமே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. வைத்த சாமான் மறுபடி நம் வீட்டுக்குள் வரக்கூடாது; போகிற வழியில் எடுத்துக்கொண்டு அப்படியே போய்விட வேண்டும். புதன்கிழமை ஒன்பதேகாலுக்கு ஒரு மஞ்சள் பையில் அம்மாவின் புடவை ஒன்றும் கொட்டைப்பாக்கும் ஒரு பிடி அரிசியும் போட்டு, நாலு வீடு தள்ளியிருந்த தையலக்கா வீட்டில் வைப்பதாக ஏற்பாடு. தையலக்காவின் கணவர் சிங்கப்பூரில். தையலக்கா தனியாக இருந்து தெருவுக்கே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார்.

பையைக் கொண்டுபோனது நான். கொண்டுபோகும் முன்பு எனக்கு ஒரு யோசனை வந்தது. சரியான நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியது புடவையா, ரயில் டிக்கெட்டா? பீரோவைத் திறந்து நீல ஃபைலை எடுத்துப் புடவை மடிப்புக்குள் செருகினேன். பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட், ரயில் டிக்கெட், என் நோட்டு எல்லாம் அதில்தான் இருந்தன. வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டது, மறந்துபோனேன்.

வியாழன் காலை பத்தரை மணிக்கு அம்மா பீரோவைத் திறந்தாள்.

"ஃபைலு எங்க?"

நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அப்பாவுக்கும் அப்போது பெரிய பதற்றமில்லை. "சரி, எடுத்துட்டு வா" என்றார். "இங்க எடுத்துட்டு வரக் கூடாதுடா தம்பி. அங்கயே வச்சுப் பாத்துக்கட்டும்" என்று அப்பாவிடம் சொன்னார் அத்தை. நான் ஓடினேன்.

தையலக்கா வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது.

பக்கத்து வீட்டில் கேட்டால், வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போய்விட்டார் என்றார்கள். வெள்ளிக்கிழமை புறப்படுவதாக இருந்த கூட்டம், ஒரு நாள் முன்னதாக, விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டதாம். போன் போட்டோம். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து மணி அடித்தது. நடந்து முடிக்கும்வரை போனைத் தொடுவதில்லை என்பது அவருடைய வேண்டுதல்.

அப்பா நாற்றங்காலிலிருந்து வந்த காலோடு அந்தப் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "கடப்பாரை எடுத்தா ரெண்டு நிமிசம்" என்றார்.

"பரஸ்தானம் வச்ச வீட்டைப் பூட்டு உடைச்சு எடுத்துட்டா போவாங்க? புள்ளத்தாச்சியப் பாக்கப் போறவ" என்றார் அத்தை. "அதுவும் ஆம்பளை இல்லாத வீடு."

அம்மா தையலக்கா வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். மெஷின் மேல் மஞ்சள் பை தெரிந்தது. அப்பா பக்கம் திரும்பி, "ஏங்க, நான் இன்னைக்குப் போயே ஆகணும்" என்றாள். அம்மா அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. அப்பா வண்டியை எடுத்தார். நானே கூடப் போகிறேன் என்று பின்னால் ஏறிக்கொண்டேன்.

நாகப்பட்டினம் சாலை முழுக்கக் காவி. காவி வேட்டி, காவிப் புடவை, ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் மாதா சொரூபம் வைத்த ஒரு சப்பரம், அதில் ஒரு ஒலிபெருக்கி. பின்னாலிருந்து பார்த்தால் எல்லோரும் ஒரே ஆள். அப்பா ஒவ்வொரு கூட்டத்தின் பக்கத்திலும் வண்டியை மெதுவாக்கி, "கீழ்வேளூர்ப் பக்கத்து ஆளுங்களா?" என்று கேட்டார். தஞ்சாவூர் என்றார்கள், லால்குடி என்றார்கள், ஒரு கூட்டம் நாலு நாளாக நடந்து வருவதாகச் சொன்னது. பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டாயிற்று. அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

விமானம் போனால் ரயிலும் போகும். அடுத்த ரயிலுக்கு என்ன விலை என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அதையேதான் முதலில் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு அக்கா அந்த ஸ்டேஷனில் நிற்பதும், ரயிலிலிருந்து யார் யாரோ இறங்கிப் போய் முடிவதும், அம்மா மட்டும் இறங்காததும் கண்ணில் வந்தன. அப்பாவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

அழுதுகொண்டே பார்த்ததில்தான் அது கண்ணில் பட்டது. ஒரு தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்களின் ஜாக்கெட் முதுகு. தையலக்கா யாருக்குத் தைத்தாலும் முதுகுக் கயிற்றின் நுனியில் முக்கோணமாக ஒரு துணிக் குஞ்சம் வைப்பார், வேண்டாமென்றாலும் வைப்பார். அங்கே வரிசையாக ஏழெட்டு முதுகில் அந்தக் குஞ்சம் ஆடியது.

"அப்பா, நம்ம தெரு!" என்று கத்தினேன்.

தையலக்கா கால் கொப்புளத்துக்கு ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "ஐயோ அண்ணே, அஞ்சு மணிக்கே கிளப்பிவிட்டதுல பைய மறந்தே போயிட்டேன்!" என்று இடுப்பிலிருந்து சாவியை உருவினார். அப்பா வண்டியைத் திருப்பப் போன நேரத்தில் என் கையைப் பிடித்து, "அம்மாகிட்ட சொல்லு. ரெண்டு பேரையும் நல்லபடியாக் கொண்டாந்து சேக்கணும்னுதான் நான் இந்தத் தடவ நடக்குறேன்" என்றார். நேர்ந்துகொண்டு நடக்கிறவர்கள் எதையாவது சொல்வார்கள் என்று தலையாட்டிவிட்டு ஓடினேன். வந்த பரபரப்பில் அதை அம்மாவிடம் சொல்லவும் இல்லை.

ஒன்றே முக்காலுக்குத் தையலக்கா வீட்டைத் திறந்தோம். டாக்ஸி வாசலில் நின்றது. நல்ல ராகுகாலம், ஆனால் பயணம்தான் நேற்றே தொடங்கிவிட்டதே என்று அத்தை தெம்பாக இருந்தார். ஃபைலைத் தையல் மெஷின் மேல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பாஸ்போர்ட் இருந்தது, டிக்கெட் இருந்தது. நோட்டைப் புரட்டியபோது ஒரு பிழை கண்ணில் பட்டது. நான் 'திரும்ப: 1' என்று எழுதியிருந்த இடத்தில், அந்த ஒன்றை யாரோ அழித்துவிட்டு 2 என்று போட்டிருந்தார்கள். கோணல்மாணலான பென்சில் எழுத்து. மளிகைச் சீட்டில் அம்மா போடுகிற அதே 2.

இவ்வளவு சொல்லியும் புரியவில்லையே என்று எனக்குச் சலிப்பு. கையோடு கொண்டுவந்திருந்த ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ரப்பரை எடுத்து அதை அழித்து, மறுபடி 1 போட்டு, சந்தேகம் வராதபடி சுற்றி ஒரு வட்டமும் போட்டேன். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா பெட்டியை டிக்கியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

அந்த ரயிலை அம்மா பிடித்துவிட்டாள். இரண்டு வாரத்தில் குழந்தை பிறந்தது. திரும்பி வரும் டிக்கெட்டை என்னிடம் யாரும் கேட்கவில்லை என்று எனக்கு மனத்தாங்கல். தை மாதம், சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது டாக்ஸி வந்து நின்றது. அம்மா இறங்கினாள், குழந்தையோடு அக்கா இறங்கினாள். அத்தான் இறங்குவார் என்று அப்பா கார் கதவைப் பிடித்தபடியே நின்றார். உள்ளே பெட்டிகள்தான் இருந்தன. நான் அம்மாவின் கையைப் பிடித்து, "கோட்டைச் சுவர் பாத்தியா? மேல ஏறி நடந்தியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன்டி, ரயில்லேர்ந்து" என்றாள் அம்மா. அன்று முழுவதும் அவளோடு நான் பேசவில்லை.

அக்காவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போதே அத்தான் வீட்டைவிட்டுப் போய்விட்டாராம். அம்மாவுக்கு மட்டும் தெரியும். தாங்க முடியாமல் தையலக்காவிடம் ஒரு நாள் சொல்லி அழுதிருக்கிறாள். 'நானே பாத்த மாப்பிள்ளை' என்று சொல்லித் திரிந்த மனிதரிடம், நேரில் போய்ப் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்று அப்பாவிடம் மறைத்துவிட்டாள். இதெல்லாம் எனக்குத் தெரியச் சில வருஷங்களாயின. அக்கா ஏன் கம்மி டிக்கெட் கேட்டாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது. இடங்களுக்கு எதிரே வரைந்த கட்டங்கள் எல்லாம் காலியாகவே இருக்கின்றன. ரயில் பக்கத்தின் ஓரங்கள் மட்டும் விரல் பட்டுப் பட்டு நைந்துபோயிருக்கின்றன. அதற்கு அடுத்த பக்கத்தில் வட்டத்துக்குள் என் ஒன்று. அதன் அடியில், அம்மா அழுத்தி எழுதிய 2 இன்னும் தெரிகிறது. என் ரப்பரால் அதை முழுதாக அழிக்க முடிந்திருக்கவில்லை.