நாற்பதாம் ஆணி

எங்கள் மில் சோதனைக்கூடத்தின் எஸ்தர் அம்மாள் மறைந்துவிட்டார். காலை ஷிப்டுக்கு நான் உள்ளே நுழைந்தபோது வாட்ச்மேன் எழுந்து வந்தார். "அண்ணாச்சி, லேப் அம்மா தவறிட்டாகளாம். நெஞ்சுவலின்னு ராத்திரி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காக. வழியிலயே முடிஞ்சுபோச்சாம்." முந்தின நாள் சாயங்காலம்தான், "பஸ்ஸுக்கு நேரமாச்சு, பேச்சைக் குறைங்க" என்று என்னை விரட்டிவிட்டுப் போனார். பாவி மனம் இன்னும் நம்ப மறுக்கிறது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளின் நடுவில், புள்ளியியல் படித்துவிட்டு, வத்திராயிருப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, அங்கே பஸ் மாறி ராஜபாளையத்துக்கு வேலைக்கு வந்தவர். நான் நூற்புப் பகுதி சூப்பர்வைசர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. முதல் நாளே முட்டிக்கொண்டோம்.

காரணம், எங்கள் சோதனைக்கூடத்தில் இருந்த ஒரு பழக்கம். ஒவ்வொரு மெஷினிலிருந்தும் குறிப்பிட்ட நீளத்துக்கு நூலைச் சிறு சிட்டங்களாகச் சுற்றி, எடை போட்டு, நூலின் நம்பரைப் பார்ப்போம். நம்பர் கூடினால் நூல் மெலிவு, குறைந்தால் தடிப்பு. நாங்கள் ஓட்டியது நாற்பதாம் நம்பர். ஏதாவது ஒரு சிட்டம் முப்பத்தாறு, நாற்பத்துநாலு என்று காட்டினால், "சுத்தினது சரியில்ல" என்று அதைக் கழிவுப் பஞ்சோடு எறிந்துவிட்டு வேறொன்று சுற்றுவார்கள். சராசரி நாற்பது வந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. எஸ்தர் அம்மாள் அதை அன்றே நிறுத்தினார்.

"பிடிக்காததைத் தூக்கிப் போட்டா மெஷின் திருந்தாது அண்ணாச்சி. நம்ம பொய்தான் அழகாகும்."

பிறகு ஒரு நீளப் பலகையில் வரிசையாக ஆணி அடித்து, ஒவ்வோர் ஆணிக்கும் மேலே ஒரு நம்பர் எழுதினார். எந்தச் சிட்டம் எந்த நம்பரோ, அந்த ஆணியில் அது தொங்கும். அதிகம் சேருகிற ஆணி முகடு. இரண்டு ஓரத்திலிருந்தும் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் நடுவே மிஞ்சுவது இடைநிலை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உள்ள தூரம் வீச்சு.

"என்னம்மா, துணி காயப்போட்டிருக்கீகளா? அதான் சராசரி இருக்குல்ல, பொறவு எதுக்கு இம்புட்டுப் பாடு?" என்று கேலி செய்தேன்.

"எங்க ஊருக்கு ரெண்டு பஸ் வருது. ஒண்ணு தினமும் அஞ்சு நிமிஷம் லேட்டு. இன்னொண்ணு ஒருநாள் அஞ்சு நிமிஷம் முந்திப் போயிரும், மறுநாள் கால்மணி நேரம் லேட்டு. சராசரி ரெண்டுக்கும் ஒண்ணுதான். நீங்க எதை நம்பி வீட்டை விட்டுக் கிளம்புவீக?"



அந்தப் பலகையின் அருமை தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் தெரிந்தது. கூமாப்பட்டிப் பேச்சியம்மாள் ஓட்டிய மெஷினில் நூல் ஓயாமல் அறுந்தது. "சராசரி நாற்பது இருக்கிறது, நூலில் குறையில்லை, கைதான் சரியில்லை, வேலையை விட்டு அனுப்புங்கள்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பேச்சியம்மாளின் புருஷன் படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். "இந்தப் பக்கம் முடிச்சுப் போட்டா அந்தப் பக்கம் அறுது அண்ணாச்சி, நான் என்ன செய்ய?" என்று என் முன்னால் நின்று அழுதாள்.

எஸ்தர் அம்மாள் ஒருநாள் அவகாசம் கேட்டார். பக்கத்து மெஷின் சிட்டங்களை ஒரு பலகையிலும் பேச்சியம்மாளுடையதை இன்னொரு பலகையிலும் தொங்கவிட்டு மேனேஜரை அழைத்தார். பக்கத்து மெஷினுடையவை நாற்பதையே சுற்றி நின்றன. பேச்சியம்மாளின் பலகையிலோ, தடித்தது ஒரு பக்கம், மெலிந்தது மறுபக்கம்.

"ரெண்டுக்கும் சராசரி நாப்பதுதான் சார். ஆனா இவ பலகையில நாப்பதாம் ஆணி காலியா இருக்கு."

 மேனேஜர் பஞ்சைத் திரியாக்கும் மெஷினைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். உருளையின் ரப்பர் தேய்ந்து, திரியே ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வந்திருக்கிறது. பேச்சியம்மாள் வேலையில் நிலைத்தாள். அன்றுமுதல், சிட்டங்கள் சராசரியை விட்டு எவ்வளவு விலகி நிற்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கத்தையும் மேனேஜரே கேட்டு வாங்கிப் பார்த்தார்.

வத்திராயிருப்புக் கல்லறைத் தோட்டத்தில் பேச்சியம்மாளைப் பார்த்தேன். குழியில் மண் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்புட்டுப் பேரும் நாப்பதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாக அண்ணாச்சி. நான் எந்த ஆணியில தொங்குதேன்னு வந்து பாத்தது அவிய மட்டுந்தான்."

நானும் அழுதேன். வெட்கப்படவில்லை.

திரும்பி வந்து சோதனைக்கூடத்தைத் திறந்தோம். கடைசியாக அவர் தொங்கவிட்ட சிட்டங்கள் பலகையிலேயே இருந்தன. எடுக்க யாருக்கும் கை வரவில்லை. அவற்றில் ஒன்று கூட்டத்தை விட்டு விலகி, ஓரத்து ஆணியில் தனியாக நின்றது. அதையும் சேர்த்துத்தான் கணக்கு எழுதினோம், அம்மா. நிம்மதியாகப் போய் வாருங்கள்.