சாவிக்காரரின் மனைவி பார்க்காத புலி

சரணாலயத்தில் ஜீப் ஓட்டுகிறவர்கள் அவரைச் சாவிக்காரர் என்றுதான் சொல்வார்கள். மற்றவர்கள் புலியைத் தேடிக் காடெல்லாம் சுற்றும்போது, இவர் ஏதாவது ஒரு குட்டையோரம் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பத்தொன்பது வருடத்தில் அவர் வண்டியில் ஏறியவர்களில் பாதிப் பேருக்கு மேல் புலியைப் பார்த்துவிட்டார்கள். வாசல் கவுன்ட்டரில் டிக்கெட் கிழிக்கும் அவர் மனைவி மட்டும் பார்த்ததில்லை.

ஊழியர் குடும்பத்துக்கு வருடத்தில் ஒரு காலை இலவச சவாரி. மூன்று முறை போய், மூன்று முறையும் மானைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தாள்.

"இன்னைக்கும் இல்லைன்னா இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நான்காவது முறை ஏறினாள்.

நாளென்னவோ நல்ல நாள்தான். கோடையின் கடைசி வாரம். இலையெல்லாம் உதிர்ந்து காடு வெளிச்சமாகக் கிடந்தது. மூன்று குட்டைகளில் மட்டுமே தண்ணீர். விடிந்ததும் முதல் வண்டியாக உள்ளே போனார்கள். முதல் குட்டைக்குப் போகும் வழியில், நேற்று மாலை பதிந்த டயர் தடத்தின் மேலேயே புலியின் கால்தடம் இருந்தது. அதற்கப்புறம் நடந்த புலி, தூரம் போயிருக்காது.

அங்கேயே காத்திருக்கலாம். வேறு யாராவது வந்திருந்தால் காத்திருப்பார். மனைவி பக்கத்தில் இருந்தால்தான் அவருக்கு இருப்புக்கொள்ளாது. வேறு வழியாகச் சுற்றி எதிரே வந்த ஜீப்காரன், "அண்ணே, மேட்டுப் பக்கம் மயில் கத்துச்சு, புலிதான் போல. இந்த வருஷமாவது அண்ணிக்குக் காட்டுங்க!" என்றதும் மேட்டுக்கு ஓட்டினார். ஒன்றுமில்லை. "பாலத்துக்கிட்டயாம்" என்றான் இன்னொருவன். அங்கே போனால் நான்கு வண்டியும் புழுதியும்தான்.

பத்து மணிக்குள் வெளியே வந்தாக வேண்டும். மணி எட்டரை. மறுபடியும் முதல் குட்டை. பள்ளத்துக்காக அவர் பிரேக் போட்டு நிறுத்தியபோது, அவளே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள்.

"என்னம்மா பண்ற?"

"ஊரான் வந்தா உட்கார்ந்து காட்டுறீங்க. எனக்குன்னா மட்டும் எதுக்கு இந்த ஓட்டம்?"

"இந்தத் தடவையும் உனக்கு இல்லாமப் போயிடுமோன்னுதான்..."

"போனாப் போகுது. செத்த நேரம் சும்மா இருங்க."

சும்மா இருந்தார்கள். வெயில் ஏறியது. அரை மணி கழித்து ஒரு மான் கத்தியது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு தடவை கத்தினா சும்மா மிரண்டிருக்கும்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "விடாம கத்தினாத்தான் புலி."

மான் விடாமல் கத்தியது. மரத்திலிருந்து ஒரு குரங்கும் கீழே ஒரே புதரைப் பார்த்துக் குரல் கொடுத்தது. புதர் விலகியது.

புலி அவசரப்படவில்லை. தண்ணீரை நக்கிக் குடித்தது. பிறகு திரும்பி நின்று, பின்பக்கமாக ஒவ்வொரு காலாய் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தது.

அவர் கையில் அவள் நகம் பதிந்தது. அவள் மெல்லச் சொன்னாள்:

"குளிக்க இறங்க இவ்வளவு யோசனையா? அப்படியே உங்களை மாதிரி."

சிரித்தால் புலிக்குக் கேட்டுவிடும். சாவிக்காரர் கழுத்துத் துண்டை எடுத்து வாயில் கடித்துக்கொண்டார்.