காப்பும் பூட்ஸும்

உப்பளத்தில் நாள் முழுக்க நிற்கிற கால், பார்வைக்கு ஒரு தினுசாக இருக்கும். உள்ளங்கால் பலகை மாதிரி இறுகிப் போயிருக்கும். மேல்தோலை மட்டும் உப்பு தின்று தின்று, விரலிடுக்கிலும் குதிகாலிலும் வெடிப்பு விட்டிருக்கும். சாலம்மாளுக்கு அப்படிப்பட்ட கால். அவள் மகள் செந்தமிழுக்கும் இருபது வயதுக்குள் அதே கால் வந்துவிட்டது.

அந்தக் காலோடுதான் செந்தமிழ் மாசி மாதத்தில் சி.ஆர்.பி.எஃப். மகளிர் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது ஓடினாள். எல்லாப் பெண்களும் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார்களாம். இவள் வெறுங்காலோடு ஓடி, முன்னால் வந்த சிலரில் ஒருத்தியாக நின்றாளாம். சாலம்மாளுக்கு இன்னும் அது கதை கேட்பது போலத்தான் இருந்தது. மரக்காணத்து அளத்தில் உப்பு சுமக்கிற வீட்டுப் பெண்ணைச் சர்க்கார் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது. சுனாமித் தண்ணீர் பாத்திகளைச் சேற்றால் மூடிவிட்டுப் போன வருஷத்தில், அம்மன் இந்த ஒரு வாசலை மட்டும் திறந்து வைத்திருக்கிறாள் என்று நினைத்து நினைத்து அவள் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஓட்டப் பந்தயத்துக்கு முந்தின நாளே அவள் திரௌபதி அம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டிருந்தாள். மகள் தேறிவிட்டால் இந்த வருஷம் காப்புக் கட்டித் தீ மிதிப்பாள் என்று. அம்மன் கொடுத்துவிட்டாள். இனி இவர்கள் கொடுக்க வேண்டும். தீமிதி முடிந்த மறு வாரம் செந்தமிழ் வடக்கே பயிற்சிக்குப் போய்ச் சேர வேண்டும்.

காப்புக் கட்ட நாலு நாள் இருக்கும்போது அமராவதி வந்தாள். அதே தெருக்காரி. செந்தமிழுக்குப் பள்ளிக்கூடத்தில் மூத்தவள், அந்தப் பட்டாளத்தில் ஏற்கெனவே சேர்ந்து லீவில் வந்திருப்பவள். கழுத்தோடு வெட்டிய முடியும் நைட்டியுமாக வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவளைச் சாலம்மாள் கண் கொட்டாமல் பார்த்தாள்.

"இன்னா அத்த, அப்படிப் பாக்குற? மீசை கீசை மொளைச்சிருக்குதா?"

"இல்லம்மா. துப்பாக்கி புடிச்ச கையான்னு பாத்தேன்."

"துப்பாக்கி அப்புறம். மொதல்ல தொடப்பம்தான் குடுப்பாங்க." அவள் செந்தமிழ் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, முடிய இங்கயே வெட்டிக்கினு போ. அங்க போயி வெட்டறப்ப அழுவாத. நான் அழுதேன், ஒரு வருஷம் கிண்டல் பண்ணாளுங்க. அப்புறம் சோத்த மறந்துடு. இன்னையிலேர்ந்து ராத்திரிக்குச் சப்பாத்தி துன்னு. வேகமா துன்னக் கத்துக்க, விசில் அடிச்சா தட்டைக் கீழ வெக்கணும்."

"இவ சோறு துன்னறதுக்குள்ள கோழி கூவிடும்" என்றாள் சாலம்மாள்.

"கத்துப்பா அத்த, பசி கத்துக் குடுக்கும். மாசத் தூரம்னா வெக்கப்படாத, டிரெயினிங் குடுக்கற உஸ்தாத் மேடத்துகிட்ட நேரா சொல்லு. மறைச்சிட்டு ஓடி மயக்கம் போட்டு விழுந்தவளுங்கள பாத்திருக்கேன். ஓடறப்ப தரையப் பாக்காத, எவ்ளோ தூரம் இருக்குதுன்னும் பாக்காத. முன்னாடி போறவ முதுகப் பாரு. அவ ஒரு அடி வெச்சா நீ ஒரு அடி. அவ்ளோதான் விஷயம். வூட்டுக்கு மொத போன் பண்றப்ப மட்டும் அழக் கூடாது. நீ அழுதா அத்த இங்க சாப்பிடாது."

பிறகு அவள் செந்தமிழின் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள், விரலிடுக்கை விரித்துப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"அடிக்காலு இரும்பு. மேல்தோலு அப்பளமாட்டம் இருக்குது. வெறுங்காலுன்னா உன்ன எவளும் ஜெயிக்க முடியாது. ஆனா அங்க பூட்ஸ்தான். மொத வாரமே தோலு உரிஞ்சி, சீழ் வெச்சி, படுக்கையில கிடந்து வூட்டுக்கே திரும்பிப் போனவ எங்க பேட்ச்சுல ஒருத்தி இருந்தா. அவ அளத்துக்காரி கூட இல்ல."

போகும்போது தன் பழைய பூட்ஸ் ஒரு ஜோடியைக் கொடுத்துவிட்டுப் போனாள். "நல்ல தோலுதான், கெடந்து கெடந்து கொஞ்சம் வெறைச்சிருக்குது. ரெண்டு சாக்ஸ் போட்டு தினமும் நட. போறதுக்குள்ள காலுக்கும் பூட்ஸுக்கும் சமாதானம் ஆவணும்."

சாலம்மாள் அந்தப் பூட்ஸைக் கையில் வாங்கிப் பார்த்தாள். என்ன கனம். விரலால் அழுத்தினாள், அமுங்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காப்புக் கட்டிவிட்டால் தீமிதி வரை தோல் செருப்பு தொடக் கூடாது. பூட்ஸும் தோல்தான். நாலு நாளுக்குள் இது எப்படி இளகும்?

அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மாங்காயானாலும் மீனானாலும் உப்பில் போட்டால் இளகிவிடும். அளத்தில் நின்று வந்தால் அவள் கைத்தோலே ஊறிக் குழைந்துதான் இருக்கும். விடியற்காலையில் மகளிடம் சொல்லாமல் பூட்ஸை எடுத்துப் போய், சேறு வாரி மறுபடி கட்டிய பாத்தியில், உப்பு பூக்கப் போகிற முற்றிய தண்ணீரில் அமுக்கி, மேலே கல்லை வைத்தாள். அம்மனை நினைத்துக்கொண்டேதான் வைத்தாள். சாயங்காலம் எடுத்து வரப்பில் காயப் போட்டாள். மறு நாள் மதியம் போய்ப் பார்த்தபோது பூட்ஸ் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்து, தட்டினால் டொக்கு டொக்கு என்று சத்தம் கேட்டது.

செந்தமிழ் திட்டவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு உப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அது திட்டுவதைவிடப் பெரிதாக இருந்தது சாலம்மாளுக்கு.

அமராவதிதான் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அத்த, பூட்ஸுக்கு ஊறுகா போட்டிருக்கியா? காரம் போடலியா?" சிரித்து முடித்து, தோலை மடக்கிப் பார்த்தாள். "இன்னும் வெடிக்கல. நல்ல தண்ணியில மறுக்கா மறுக்கா அலசி, வெளக்கெண்ண தடவி, ஈரத்தோடயே மாட்டிக்கினு நடக்கணும். காலுலயே காயணும். ஆனா இப்ப ரெண்டு நாளு பத்தாது. போற நாளு வரைக்கும் தினம் போட்டாவணும்."

"நாளான்னிக்குக் காப்பு" என்றாள் செந்தமிழ்.

அம்மா பக்கம் திரும்பி அவளே மறுபடி சொன்னாள். "காப்பு கட்டிக்கிறேம்மா. அங்க போயி காலப் பாத்துக்கலாம்."

அன்று சாயங்காலம் சாலம்மாள் கோயிலுக்குப் போய்ப் பூசாரி தட்சணாமூர்த்தி முன்னால் நின்றாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள், உப்பில் போட்டதையும் சேர்த்து.

பூசாரி விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கேட்டார். "புள்ளைக்கு அம்மை போட்டா இன்னாம்மா பண்ணுவோம்? அதுக்குப் பதிலா தாயி காப்புக் கட்டி மிதிப்பா. நம்ம ஊருல அது வழக்கந்தானே. அம்மனுக்குப் பாக்கி நிக்காது."

"நானா சாமி?"

"நீதான்."

சாலம்மாள் ஒவ்வொரு வருஷமும் தீக்குழியைச் சுற்றிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, முதல் ஆள் இறங்கும்போதே கண்ணை இறுக மூடிக்கொள்கிறவள். அந்த அனல் முகத்தில் படும்போதே பின்னால் நகர்ந்துவிடுவாள். அம்மன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேர் தயாரானார்கள். தாய் காப்புக் கட்டி, மஞ்சள் துணி உடுத்தி, ஒரு வேளை சோறு தின்று, கோயிலில் பாரதம் கேட்டாள். மகள் விடியலில் ஈரப் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே பக்கிங்காம் கால்வாய்க் கரையில் நடந்தாள், பிறகு ஓடினாள். காப்புக் கட்டிய வீட்டுக்குள் தோல் வரக் கூடாது என்று, கரையில் ஒரு பனை அடியிலேயே அதைக் கழற்றி வைத்துவிட்டு வருவாள். முதல் நாட்களில் சாக்ஸில் ரத்தம் இருந்தது. சாலம்மாள் மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துப் போட்டாள்.

ஒரு நாள் விடியலில் சாணி பொறுக்கப் போனபோது தூரத்தில் அவள் ஓடி வருவதைச் சாலம்மாள் பார்த்தாள். தடக் தடக் என்று மண் அதிர்ந்தது. அமராவதி சொன்னபடி வெட்டிய முடி பறந்தது. பின்னால் அளம் முழுக்க வெள்ளையாக விடிந்துகொண்டிருந்தது. தன் வயிற்றில் கிடந்ததா இது என்று அவள் சாணிக் கையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

தீமிதி அன்று சாயங்காலம், கரகத்தின் பின்னால் வரிசை நகர்ந்துகொண்டிருந்தபோது செந்தமிழ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் காதோரம் சொன்னாள்.

"அம்மா, நெருப்பப் பாக்காத. எவ்ளோ தூரம்னும் பாக்காத. முன்னாடி போறவங்க முதுகப் பாரு."

சாலம்மாளின் முன்னால் மஞ்சள் புடவையில் ஓர் அகன்ற முதுகு இருந்தது. அந்த முதுகு தீக்குழிக்குள் இறங்கியது. ஒரு அடி. இவளும் ஒரு அடி. காலுக்குக் கீழே என்ன இருந்தது என்று பிற்பாடு எத்தனை பேர் கேட்டும் அவளால் சொல்ல முடிந்ததில்லை. பறையும் குலவையும் எங்கோ போய்விட்டன. அந்த முதுகு இருந்தது. அம்மன் இருந்தாள். பிறகு கணுக்கால் வரை குளிர்ந்தது. தீயைத் தாண்டி, பால் ஊற்றிய குழியில் நின்றுகொண்டிருந்தாள். அழுதுகொண்டும் இருந்தாள் போலிருக்கிறது.

வெறுங்காலோடு நின்ற செந்தமிழ் அவளைக் கைத்தாங்கலாக ஓரமாக அழைத்துப் போய் மணலில் உட்கார வைத்தாள். அமராவதி பார்த்த மாதிரியே பாதத்தை மடியில் எடுத்து வைத்து, குதிகாலைத் திருப்பி, விரலிடுக்கை விரித்து, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. ஒரு கொப்புளம் கூட இல்ல."

"உன் காலக் காட்டு."

செந்தமிழ் காலை நீட்டினாள். குதிகாலில் பழைய புண் காய்ந்து, அதன் மேல் புதுத் தோல் தடித்திருந்தது. கணுக்காலைச் சுற்றிப் பூட்ஸ் விளிம்பு பதிந்த தடம். சாலம்மாள் அதன் மேல் விபூதியைத் தடவி, கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப போயிட்டு வா" என்றாள் சாலம்மாள்.