விபத்தே நடக்காத ஹினாத்தா சரிவு

எங்கள் ஹினாத்தா சரிவில் விபத்தே நடப்பதில்லை. நான் சொல்லவில்லை, குசாகாபே சான் சொல்கிறார். குடியிருப்போர் சங்கத்தின் சாலைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் அவர். வருடத்துக்கு நான்கு முறை அச்சடித்து வீடு வீடாகச் சுற்றுக்கு விடும் தாளில் முதல் வரியே அதுதான். பதினோரு வருடமாக அந்த வரியை மாற்ற அவருக்கு அவசியம் வரவில்லை.

நான் சரிவின் அடியில் சைக்கிள் கடை வைத்திருப்பவள். பெயர் ஓகினோ; மரியாதைக்கு 'சான்' சேர்த்து ஓகினோ சான் என்பார்கள். மேலே ஐந்நூறு வீடு, கீழே ரயில் நிலையம், நடுவே ஐந்து வளைவு. நடைபாதை என்று ஒன்று கிடையாது. பெரிய சாலை சிக்னலில் நிற்கப் பொறுமை இல்லாத கார்கள் எல்லாம் குறுக்குவழி என்று இதில்தான் புகுந்து இறங்கும். முப்பதுக்கு மேல் போகாதே என்று பலகை இருக்கிறது. ஐம்பதில் போகிறவன் கண்ணுக்கு அது பலகையாகவா தெரியும்? அதே வளைவுகளில்தான் குழந்தையைப் பின்னால் வைத்துக்கொண்டு அம்மாக்களும், முன்கூடை நிறைய முள்ளங்கியும் வெங்காயத்தாளுமாகக் கிழவர்களும் சைக்கிள் மிதிக்கிறார்கள். விழுந்தால் மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போவார், சைக்கிள் என்னிடம் வரும். மூன்று வருடத்தில் ஆறு சைக்கிளுக்கு ரிம் கோட்டம் எடுத்திருக்கிறேன். தானாகச் சறுக்கி விழுந்த சைக்கிளும் கார் இடித்த சைக்கிளும் வளைகிற விதமே வேறு. ஆறும் கார் இடித்தவைதான்.

குசாகாபே சானுக்கு வயது அறுபத்து நான்கு. லிஃப்ட் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் முப்பத்தேழு வருடம் குப்பை கொட்டியவர். லிஃப்டைத் தொட்டதில்லை, நிர்வாகப் பிரிவு. காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பாதுகாப்பு வாசகத்தை உரக்கச் சொல்ல வைப்பதுதான் அவருடைய தலையாய வேலை. ஒரு வருடம் அவரே எழுதிய வாசகத்துக்குக் கம்பெனியில் முதல் பரிசு கிடைத்ததாம். கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறார். அது என்ன வாசகம் என்று இங்கே எழுதி மையை வீணாக்க மாட்டேன்.

வாசகத்தைவிட அவருக்குப் பெருமை அவருடைய ஓட்டுநர் உரிமம். அதில் தங்க நிறப் பட்டை. போலீஸ் கணக்கில் ஒரு தப்பும் ஏறாதவர்களுக்குத்தான் அந்த நிறம். முப்பத்திரண்டு வருடமாக அந்தப் பட்டை மாறவில்லை. காற்றடிக்க வந்தால்கூட பர்ஸைத் திறக்கும் சாக்கில் அதை என் கண்ணில் காட்டிவிட்டுத்தான் போவார். பிடிபடாததற்கும் தப்பு செய்யாததற்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம். அவருடைய வெள்ளைக் கார் வருகிற சத்தம் எனக்கு அத்துப்படி. கடைசி வளைவில் டயர் கிரீச்சென்று கத்தினால் குசாகாபே சான் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். ஒருநாள் வாய் பொறுக்காமல் கேட்டே விட்டேன். சிரித்துக்கொண்டே, இந்த ஐந்து வளைவும் தனக்கு மனப்பாடம் என்றார். எதிரே சைக்கிளில் வருகிறவளும் அவருக்கு மனப்பாடமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

சரி, ஆறு பேர் விழுந்த சாலையில் விபத்தே இல்லை என்றால் எப்படி? இந்த மனிதரின் சாமர்த்தியமே அதில்தான் இருக்கிறது. யாராவது விழுந்தால் மறுநாள் மாலை, காரோட்டியைக் கூட்டிக்கொண்டு, கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். கையில் பெரிய கடை இனிப்புப் பெட்டி. இடுப்பு ஒடிய வளைந்து மன்னிப்புக் கேட்பார். சைக்கிளைப் பழுது பார்த்துத் தர ஏற்பாடு செய்வார். பிறகு மெல்ல ஆரம்பிப்பார்: டாக்டர் சான்றிதழைப் போலீஸில் கொடுத்தால் காயம்பட்ட வழக்காகிவிடும், பாவம் இவருக்கு வேலையில் தொல்லை, சரிவுக்கும் கெட்ட பேர். கொடுக்காவிட்டால் வெறும் பொருள் சேதம். பொருள் சேதத்தைப் போலீஸ் விபத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆறு பேரும் பதிலுக்கு வளைந்து வணங்கிப் பெட்டியை வாங்கிக்கொண்டார்கள்.

அந்த ஆறில் மூன்றாவது ஆள் நான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சாமான் வண்டியின் கண்ணாடி என் முழங்கையில் அடித்து, நான் சாக்கடையோரம் போய் விழுந்தேன். இன்றைக்கும் மழை வந்தால் கை வலிக்கிறது. பெட்டியில் பயறு அல்வா இருந்தது. தேநீரோடு வைத்து இரண்டே நாளில் தின்று தீர்த்தேன். நன்றாக வேறு இருந்தது.

இசோமுரா சான் விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்து நான்கு வயதுப் பெண். குன்றின் உச்சியில் முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. தினமும் காலையில் மூன்று வயது மகளைப் பின்சீட்டில் வைத்து இறங்கி, ரயில் நிலையத்தருகே காப்பகத்தில் விட்டுவிட்டு, மறுபடி மேலே ஏறுவாள். இந்த வளைவுகளில் வேகத்தடை போட வேண்டும் என்று நூற்று நாற்பது கையெழுத்து வாங்கி நகராட்சிக்கு அனுப்பியவள் அவள்தான். குசாகாபே சான் கையெழுத்துப் போடவில்லை. மேடு போட்டால் காரின் அடிவயிறு உரசுமாம்.

நகராட்சியிலிருந்து பதில் வந்தது. கடந்த ஐந்து வருடத்தில் அந்தச் சாலையில் விபத்து எதுவும் பதிவாகவில்லை, பதிவானால் பரிசீலிக்கப்படும் என்று. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தாள். ஆறு சைக்கிளையும் இங்கே பார்த்தவள்தானே, எப்படி எதுவுமே இல்லை என்று எழுதுவார்கள் என்று கேட்டாள். நான் பெட்டிக் கதையைச் சொன்னேன்.

"நீங்களுமா, ஓகினோ சான்?" என்றாள்.

நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரலில் சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தது. சரிவின் அடியில் கூடாரம் போட்டு, மடக்கு நாற்காலியில் சங்கத்துப் பெரியவர்கள் எல்லாம் பச்சைப் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போகிற வருகிறவர்களுக்குக் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கொடுப்பது வழக்கம். பொட்டலத்தின் மேல் 'வேகம் குறைப்போம்' என்று அச்சடித்திருக்கும். அதைக் கொண்டுவர வேண்டிய குசாகாபே சானைக் காணோம். எட்டு மணிக்கு ஆரம்பம், எட்டு ஐந்துக்குத்தான் மேலே இருந்து டயர் கத்தியது. அடுத்து வேறொரு சத்தம்.

நான் ஓடினேன். நான்காவது வளைவில் கார் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்றது. மகளை விட்டுவிட்டு ஏறிக்கொண்டிருந்த இசோமுரா சான் தடுப்புக் கம்பியோரம் தோளைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். சைக்கிளின் பின்சீட்டு, குழந்தை உட்காருகிற சீட்டு, இரண்டாகப் பிளந்திருந்தது. கால் மணி நேரத்துக்கு முன்னால் அந்தக் குழந்தை அதில் இருந்தது. திறந்த கார்க் கதவிலிருந்து சரிந்த பொட்டலங்கள் சாலை முழுக்க. கூடாரத்துப் பெரியவர்கள் மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். வந்தவர்களில் இரண்டு பேர் முதலில் குனிந்து பொறுக்கியது என்ன தெரியுமா? பொட்டலத்தை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர்களையும் அந்தச் சரிவில் உருட்டி விட்டிருப்பேன்.

கழுத்துப்பட்டை எலும்பு முறிந்திருந்தது. மூன்றாம் நாள் மாலை நான் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். குசாகாபே சான் வந்தார். கறுப்புக் கோட்டு, பெட்டி, எல்லாம் அதே. இந்தத் தடவை காரோட்டியும் அவரே என்பதால் துணைக்கு மனைவி. அதற்குள் சங்கத் தலைவரும் போன் செய்துவிட்டார், பக்கத்து வீட்டம்மாவும் மணியடித்துவிட்டார். ஊருக்கு உழைத்த மனிதர், பெரிதுபடுத்தாதே என்று இருவரும் ஒரே பாட்டு. டாக்டர் சான்றிதழ் மேஜை மேல்தான் இருந்தது. அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ரொம்ப மன்னிக்கணும், இசோமுரா சான். சைக்கிள் புதுசாவே வாங்கித் தந்துடறேன். அந்தச் சான்றிதழ மட்டும் போலீஸ்ல குடுக்காம இருந்தீங்கன்னா... முப்பத்திரண்டு வருஷம் ஆச்சுங்க. இதுவரைக்கும் என் பேர்ல ஒரு கரும்புள்ளி விழுந்ததில்ல."

அவள் கேட்டாள், "எவ்வளவு வேகத்துல வந்தீங்க?"

வளைவில் வெயில் கண்ணில் அடித்ததைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அவள் மறுபடியும் அதையே கேட்டாள். முப்பதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கலாம் என்றார்.

"அம்பத்தஞ்சு," என்றார் அவருடைய மனைவி. அந்த அம்மாள் இத்தனை வருடத்தில் வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. தலையைக் குனிந்தபடியேதான் சொன்னார். "நான் பக்கத்து சீட்டுலதான் இருந்தேன். மெதுவா போங்கன்னு சொன்னேன்."

குசாகாபே சான் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இடித்தபோதுகூட அப்படி வெளிறவில்லை. அந்த நேரத்திலும் மனிதர் பெட்டியை இரண்டு கையாலும் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். இசோமுரா சான் நல்ல கையால் அதைத் திருப்பித் தள்ளினாள். நீட்டிய பெட்டியை எங்கள் ஊரில் யாரும் தள்ளியதில்லை. எனக்கே ஒரு நிமிடம் கூசியது என்றால் என் புத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"எடுத்துட்டுப் போங்க," என்றாள். "இத நான் வாங்கினா, நாளைக்கு அந்த சீட்டுல வேற யார் பிள்ளையாவது இருக்கும்."

மறுநாள் காலை அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு நானும் அவளோடு போலீஸ் நிலையத்துக்குப் போனேன். இளவயதுக் காவலர் ஒருவர் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு கணினியில் எதையோ தேடினார். பிறகு மரியாதையாகத்தான் சொன்னார்:

"இந்த ரோட்டுல இதுதான் முதல் விபத்து போலிருக்கு."

இசோமுரா சான் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லீங்க," என்றேன். "இது ஏழாவது. மூணாவது நான்."

தேதி கேட்டார், சொன்னேன். டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டார், காட்டினேன் என்றேன்.

"அப்பவே ஏன் வந்து சொல்லல?"

"இனிப்பு குடுத்தாங்க," என்றேன். "வாங்கித் தின்னுட்டேன்."

அவர் பழையதை இப்போது சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டு, ஹினாத்தா சரிவுக்கு நேரே ஒன்று என்று பதிந்துகொண்டார்.